ஜியோலைட்: தமிழில் கொதிகல்

ஜியோலைட் என்ற கனிமத்தின் பெயர் தமிழில் எழுதும்போது 'ஜியோ' என்று தொடங்குவதால், இது புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோ என்று எண்ணத் தோன்றும். அது வேறு 'ஜியோ'. இங்கே வருவது கொதித்தலைக் குறிக்கும் 'ஜெயோ'. அதனுடன் கல்லைக் குறிக்கும் 'லித்தோஸ்' சேர்ந்தது. 1756இல் சுவீடனைச் சேர்ந்த கனிமவியலாளர் ஆக்செல் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கினார். கல்லுக்குள் தங்கியிருந்த நீர் ஆவியாகப் பொங்கி வெளியேற, கல்லே கொதிப்பதுபோல் இருந்தது. பெயர் அப்படித்தான் பிறந்தது. நிக்கலைக் கண்டறிந்தவரும் இவரே.

இதற்குத் தமிழில் 'கொதிகல்' என்பதே என் தேர்வு. கொதிகலன் போல இதுவும் வினைத்தொகை: கொதித்த கல், கொதிக்கின்ற கல், கொதிக்கும் கல். 'சியோலைட்டு' என்று எழுத்தை மட்டும் மாற்றினால் ஒலி தமிழாகும், பொருள் விளங்காது.

பெயர் நெருப்பில் கிடைத்தாலும் கல்லின் பயன் தண்ணீரில்தான். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து கூடுபோல் கட்டிய கனிமம் இது. அலுமினியம் இருக்கும் இடங்களால் கூட்டுக்கு எதிர்மின்சுமை உண்டாகிறது. அதை ஈடுசெய்ய சோடியம் போன்ற அயனிகள் (நேர்மின்சுமை கொண்ட அணுக்கள்) உள்ளே தளர்வாக ஒட்டியிருக்கும். கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர் அதன் வழியே போகும்போது அவை கூட்டில் தங்கிவிட, சோடியம் நீரில் இறங்கும். ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம், அதுதான் கணக்கு. கூடு நிரம்பியதும் அடர்த்தியான உப்புக் கரைசலை ஊற்றினால் கால்சியம் வெளியேறி, கல் மறுபடி வேலைக்குத் தயாராகும்.

இந்த இடத்தில் நம் பேச்சுவழக்கு ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. சோப்பு நுரைக்காத நீரையும் 'உப்புத் தண்ணீர்' என்கிறோம், நாக்கில் கரிக்கும் நீரையும் அப்படியே சொல்கிறோம். முன்னது கடின நீர், பின்னது உவர்நீர். கொதிகல் கடின நீரை மென்னீராக்கும்: சோப்பு நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு குறையும். ஆனால் உவர்நீரின் கரிப்பை அது போக்காது. சோடியத்தைக் கொடுத்து மற்றதை வாங்கும் கல், சோடியத்தை எப்படி நீக்கும்? இந்த வேறுபாடு தெரியாமல் 'உப்பை நீக்கும் கல்' என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவார். உவர்ப்பு போக எதிர்ச் சவ்வூடுபரவலோ (ஆர்.ஓ.) காய்ச்சி வடித்தலோ வேண்டும்.

படிகாரமும் இந்தக் குழப்பத்தில் சிக்குவதுண்டு. அது கலங்கலைத் தெளியவைக்கும், அவ்வளவே.

இயற்கைக் கொதிகற்களில் கிளினோப்டிலோலைட் பெரிதும் பயன்படுகிறது. எரிமலைச் சாம்பல் நீருடன் வினைபுரிந்து உருவாவது அது. கழிவுநீரின் அம்மோனியத்தையும் கதிரியக்கச் சீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் பின் சீசியத்தைப் பிடிக்க இதைப் பயன்படுத்தினார்கள்.

'கொதிகல் வடிகட்டி' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். மென்னீராக்கும்போது அந்தக் கல் எதையும் சலித்து நிறுத்துவதில்லை, ஒன்றை வாங்கி ஒன்றைத் தருகிறது. 'கொதிகல் அயனிமாற்றி' என்றால் செயலும் பெயரில் வந்துவிடும்.