பஸ் டிக்கெட்ட கிழிச்சு வகுத்தல் போடலாம்

வேளச்சேரில எங்க கீழ் வீட்டு பொண்ணு பத்தாவது படிக்கிறா. போன வாரம் ஸ்கூல் விட்டு வந்ததும் கேட்டா, "அங்கிள், நாலு கோடி இலக்கத்துல ஒரு பகா எண் இருக்காமே, எல்லா நம்பராலயும் வகுத்தா பாத்தாங்க?"

அருமையான கேள்வி. அந்த எண் 2-ஓட 13,62,79,841-வது அடுக்குல 1 கழிச்சா வர்றது, 2024 அக்டோபர்ல லூக் டியூரன்ட்ங்கறவர் ஜிம்ப்ஸ்ங்கற, ஆர்வலர்கள் கம்ப்யூட்டர்ல பெரிய பகா எண் தேடற கூட்டு முயற்சி மூலமா கண்டுபிடிச்சார். மொத்தம் 4,10,24,320 இலக்கம், செகண்டுக்கு ஒண்ணுனு தூங்காம படிச்சாலும் 474 நாள் தாண்டும். வர்க்கமூலம் வரைக்கும் வகுத்தா போதும்தான், ஆனா அந்த வர்க்கமூலமே 2 கோடி இலக்கத்துக்கு மேல, அதனால அந்த வழி ஆகாது.

இதுக்கு லூக்காஸ்-லேமர் சோதனைனு ஒண்ணு இருக்கு. 4-ல ஆரம்பிங்க, வர்க்கம் எடுத்து 2 கழிங்க, நம்ம எண்ணால வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கோங்க, திரும்ப அதையே பண்ணுங்க. அடுக்குல ரெண்டு கம்மியா அத்தனை தடவை பண்ணதும் மீதி 0 வந்தா பகா எண், வரலன்னா இல்ல. 31-க்கு, அதாவது 2-ஓட 5-வது அடுக்குல 1 கழிச்சதுக்கு, மூணு தடவை போதும்: 14, அப்புறம் 194, அதோட மீதி 8, எட்டோட வர்க்கத்துல 2 போனா 62, மீதி 0.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அந்த மீதி எடுக்கறதுதான், ஏன்னா அங்க வகுக்கவே வேணாம். அவ வச்சிருந்த பஸ் டிக்கெட் பின்னாடி 194-ஐ பைனரில, அதாவது 0, 1 மட்டும் வச்சு எழுத சொன்னேன், 11000010. 31-க்கு அடுக்கு 5-ங்கறதால, வலது பக்கத்துல இருந்து அஞ்சு இலக்கம் விட்டு கிழிச்சோம். இடது துண்டுல 110, அதாவது 6. வலது துண்டுல 00010, அதாவது 2. ஒண்ணுக்கு கீழ ஒண்ணு வச்சு கூட்டினா 8, அதேதான் மீதி! இடது துண்டு சொல்றது எத்தனை 32 இருக்குன்னு, ஒவ்வொரு 32-ம் 31-ல 1 மீதி வைக்கும், அதனால ஆறு 32-க்கு 6 மீதி, அவ்வளவுதான். 9-க்கு இலக்கங்கள கூட்டி பாக்கறோமே, அதே சூட்சுமம். அந்த ராட்சச எண்ணுக்கும் இதேதான், சுமார் 27 கோடி பிட் (பைனரி இலக்கம்) இருக்கற வர்க்கத்த பாதியில வெட்டி கூட்டிடலாம். கஷ்டம் வர்க்கம் எடுக்கறதுலதான், அதுக்கு ஃபூரியர் மாற்றம்ங்கற வேகமான பெருக்கல் வழி, ஜிபியுங்கற வேகமா கணக்கு போடற சிப் எல்லாம் வேணும், டியூரன்ட் 17 நாட்டு டேட்டா சென்டர்ல ஜிபியு வாடகைக்கு எடுத்து ஓட்டினார்.

இதெல்லாம் எதுக்குனு கேக்கறவங்க நம்ம ஊர்ல நியூமராலஜி பாத்து பேர்ல ஒரு எழுத்து சேக்க காசு குடுக்கறாங்க, எனக்கு அது நிஜமாவே வருத்தம். 2002-ல ஐஐடி கான்பூர்ல அகர்வால், கயல், சக்சேனா மூணு பேர் பகா எண் சோதனைல உலகமே எதிர்பாத்த விடைய, அதாவது எந்த எண்ணும் பகா எண்ணானு நிச்சயமா, வேகமா சொல்ற வழிய கொண்டு வந்தாங்க, அதுல ரெண்டு பேர் அப்பதான் பிடெக் முடிச்சவங்க. தரமணி மேட்சயின்ஸ் (கணித அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடங்களுக்கு இன்னும் தாராளமா நிதி குடுக்கணும், ஸ்கூல் பசங்கள அங்க கூட்டிட்டு போகணும்.

கீழ் வீட்டு பொண்ணு அன்னிக்கு ராத்திரியே 127-க்கு, அதாவது 2-ஓட 7-வது அடுக்குல 1 கழிச்சதுக்கு, போட்டு பாத்துட்டா: 14, 67, 42, 111, 0. நேத்து 2-ஓட 11-வது அடுக்குல 1 கழிச்ச 2047, ஒன்பது தடவை வர்க்கம் எடுத்து கடைசில 1736-னு வந்துச்சாம், கூடவே கீழ எழுதியிருந்தா, 23 பெருக்கல் 89.