கோளாறு வயரில் இருக்கிறது: காரிலும் வெளியிடத்திலும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நிலையம் அமைப்பவர்கள் கவனத்திற்கு

ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு நண்பர் தம் காரில் பொருத்தியிருந்த 100 வாட் டிரான்ஸீவரை, அதாவது பேசவும் கேட்கவும் உதவும் வானொலிச் செட்டை, கழற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கேட்கும்போது எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிடிடி என்னும் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கியதும் செட் அணைந்து, ஒரு நொடி கழித்துத் தானே மீண்டும் எழுகிறது என்பது அவர் சொன்ன குறை. மேசையிலுள்ள 13.8 வோல்ட் பவர் சப்ளையில் இணைத்து, ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு என்னும் மின்தடையைப் போட்டு, இடைவெளி விட்டு விட்டு அரை மணி நேரம் முழுத் திறனில் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட அணையவில்லை. செட்டைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு அவருடைய கார் நின்ற இடத்திற்குப் போனேன்.

பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு வரை வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 2.5 ஸ்கொயர் வயரை இழுத்திருந்தார். நடுவில் ஓரிடத்தில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு வேறு. என்ஜினை நிறுத்திவிட்டு அனுப்பும் நிலையில் அளந்தபோது, பேட்டரி முனையில் 12.2 வோல்ட்டும் செட்டின் முனையில் 10.9 வோல்ட்டும் காட்டியது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லி ஓம் மின்தடை உண்டு. நான்கு மீட்டர் தொலைவு என்றால் போக வர எட்டு மீட்டர். 20 ஆம்பியர் ஓடும்போது கம்பியில் மட்டுமே 1.1 வோல்ட் கரைந்துவிடும், மீதியை அந்த முறுக்கு இணைப்பு தின்றுவிட்டது. இவ்வகைச் செட்டுகளின் கையேட்டில் 13.8 வோல்ட், கூட்டியோ குறைத்தோ 15 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதாவது 11.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது ஒழுங்காக வேலை செய்யும் என்று தயாரிப்பாளரே உறுதி கூறவில்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வண்டிகளிலும் படகுகளிலும் இருவழி வானொலிகளைப் பொருத்தியும் பழுது பார்த்தும் வருபவன் என்ற முறையிலும், அமெச்சூர் உரிமம் வைத்திருப்பவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: "மொபைல் செட் கெட்டுவிட்டது" என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவற்றில் செட் நன்றாகவே இருக்கிறது. பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவிலுள்ள கம்பியில், அல்லது ஆன்டெனாவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவிலுள்ள இரும்பில்தான் கோளாறு இருக்கும். பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்துச் செட் வாங்குபவர்கள் வயருக்குச் சில நூறு ரூபாய் செலவழிக்கத் தயங்குவது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று.

அதே நான்கு மீட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 100 வாட் செட்டுக்கு இதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளலாம். கடையில் "ஹெவி வயர்" என்று கேட்டு வாங்குவது போதாது. கார் ஆடியோவுக்கென்று விற்கப்படும் தடித்த வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அவற்றின் கடத்துதிறன் அசல் செம்பைவிடக் கணிசமாகக் குறைவு. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அதன் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், கையடக்கச் செட்டைச் சார்ஜ் செய்ய உதவும், அவ்வளவே.

ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் உயிருக்கும் வண்டிக்கும் ஆபத்து விளைவிக்கும் தவறு நடக்கிறது. செட்டோடு வந்த வயரை நீட்டி ஒட்டும்போது, ஃபியூஸ் செட்டின் அருகிலேயே தங்கிவிடுகிறது. ஃபியூஸ் முதலில் காப்பது செட்டை அன்று, வயரை. பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் அது இல்லாவிட்டால், என்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டின் துளை விளிம்பில் வயர் உராய்ந்து காப்புறை கிழியும் நாளில், பேட்டரி பல நூறு ஆம்பியரை அந்த வயரில் கொட்டும். வயர் முழுவதும் பழுத்து எரியும்வரை அதைத் தடுக்க ஒன்றும் இருக்காது. துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அத்தகைய வண்டிகளில் செட்டின் நெகட்டிவ் வயரை நேரே பேட்டரி முனையில் மாட்டினால், செட் எடுக்கும் மின்சாரம் வண்டியின் கணக்கிலேயே வராமல் போகும். பேட்டரியின் நெகட்டிவ் வயர் உடலோடு சேரும் இடத்தில் அதை இணைப்பதே முறை.

ஆன்டெனாவுக்கு வருவோம். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பி ஏறத்தாழ அரை மீட்டர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் கம்பி ஆன்டெனாவின் ஒரு பாதி; மற்றொரு பாதி அதன் அடியிலுள்ள கூரைத் தகடு. கூரையின் நடுவே காந்த அடியில் நிற்கும் எளிய கால் அலைக் கம்பி, டிக்கி ஓரத்தில் கிளாம்ப் போட்டு மாட்டிய விலையுயர்ந்த ஆன்டெனாவைவிட நன்றாக வேலை செய்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கண்ணாடிக் கூரையுள்ள வண்டியில் காந்தம் ஒட்டாது என்பதற்காக, பெயின்ட் அடித்த லக்கேஜ் கம்பியில் மாட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அங்கே மற்றப் பாதி இல்லவே இல்லை.

7 மெகாஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் கடுமையானது. கால் அலைநீளம் பத்து மீட்டருக்கு மேல். காரில் நாம் வைக்கக்கூடியது இரண்டு மீட்டர் குச்சியும் ஒரு சுருளும். அந்தக் குச்சியின் கதிர்வீச்சுத் தடை (வானேறும் திறனுக்குரிய தடை) ஓரிரு ஓம் மட்டுமே இருக்க, சுருளிலும் வண்டியின் உடலிலும் தரையிலும் ஏற்படும் இழப்பு அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஆகவே 100 வாட்டில் சில வாட் மட்டுமே வானேறும். இங்கேதான், ஆன்டெனா ஏற்காமல் செட்டுக்குத் திரும்பும் திறனைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் நம்மை ஏமாற்றுகிறது. இழப்பு கூடக் கூட அளவு அழகாகக் குறைந்து காட்டும். எதையும் வானேற்றாத டம்மி லோடும் ஒன்றுக்கு ஒன்று என்ற மிகச் சிறந்த அளவைத்தானே காட்டுகிறது! பானட், கதவு, டிக்கி, புகைக்குழாய் ஆகியவற்றைப் பட்டையான செம்புப் பின்னலால் உடலோடு இணைத்த பிறகு எஸ்டபிள்யூஆர் சற்று உயர்ந்தால் கவலைப்பட வேண்டாம், இழப்பு குறைந்ததன் அறிகுறியாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

இரைச்சலைப் பொறுத்தவரை ஒரே ஒரு பழக்கம் போதும்: சாவியைப் போடாமல், சாவியைப் போட்டு, என்ஜினை ஓட்டி என மூன்று நிலைகளில் கேளுங்கள். என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை ஆல்டர்னேட்டருடையது; மற்றவற்றில் பாதி, மலிவான போன் சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விடும். செட்டையும் மைக் கொக்கியையும் ஏர்பேக் விரியும் பாதையில் பொருத்தாதீர்கள். பெட்ரோல் பங்க்கில் அனுப்பாதீர்கள்.

வண்டியை விட்டு இறங்கி வெளியிடத்தில் நிலையம் அமைப்பது வேறு வகைக் கலை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் இயக்கத்துக்காகச் சென்றிருந்த பாரதி பிரசாத் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் இருந்தார். பொழுதுபோக்குக்காக அமைத்த அந்த நிலையம்தான் தொலைபேசிகள் செயலிழந்த அந்நாட்களில் செய்திகளைக் கரைக்குக் கொண்டுவந்தது. அதைக் கேள்விப்பட்டவர்கள் பலர் செட் வாங்கினார்கள். ஆன்டெனாவை இருட்டில், மழையில், தனியாக நிறுத்திப் பழகியவர்கள் மிகச் சிலரே.

மாவட்டத்திலிருந்து மாவட்டத்துக்குப் பேசுவதற்கு உயரமான கோபுரம் தேவையில்லை. பக்கத்துக்குப் பத்து மீட்டர் வீதம் இருபது மீட்டர் கம்பியை 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலாக, அதாவது நடுவில் கேபிள் சேரும் இரு கை ஆன்டெனாவாக, நான்கைந்து மீட்டர் உயரத்திலேயே கட்டினால் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் திரும்பி, சுற்றிலும் முந்நூறு நானூறு கிலோமீட்டருக்குக் குடைபோல் இறங்கும். நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்குப் பகலில் பேச இது தாராளம். இரவு முதிர்ந்து பக்கத்து நிலையங்கள் மறையத் தொடங்கினால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டியிருக்கும், அதற்கான இருமடங்கு கம்பி நாம் கொண்டுபோகும் பெட்டியில் இருக்க வேண்டும். நம் மண்டலத்தில் பேரிடர்க் காலத் தொடர்புக்கென்று ஹாம்கள் கூடும் அலைவரிசை 7.110 மெகாஹெர்ட்ஸ் என்பதையும் பெட்டியின் மூடியில் எழுதி வைக்கலாம்.

கம்பியைத் தாங்கத் தூண்டில் கழியைப் பயன்படுத்துபவர்கள் அது கண்ணாடி இழையா, கார்பனா என்று பார்க்க வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தென்னையில் கட்டுவது நம் ஊரில் வழக்கம்தான், ஆனால் காற்று நாளில் மட்டை விழுந்தால் கம்பியும் போகும், கீழே நிற்பவர் தலையும் போகும், வேம்பில் கட்டுவதே மேல். மின்வாரியக் கம்பி அருகில் போனால், நம் கழியும் கம்பியும் எந்தப் பக்கம் சரிந்தாலும் அதைத் தொடாத தொலைவு வேண்டும், இதில் கண்மதிப்பு கூடாது. டைபோலின் இரு நுனிகளிலும் அனுப்பும்போது பல நூறு வோல்ட் இருக்கும். நிவாரண முகாம்களில் குழந்தைகள் தொங்கும் எதையும் பிடித்து இழுப்பார்கள் என்பதால், நுனிகளை எட்டாத உயரத்தில் கட்டி, வண்ணத் துணியும் கட்டிவிடுகிறேன். இடி கேட்டால் கேபிளைக் கழற்றி வெளியே போடுவதைத் தவிர வேறு சாமர்த்தியம் எதுவும் இல்லை.

பேட்டரிக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். 100 வாட் செட் கேட்கும்போது ஓர் ஆம்பியரும், குரலில் அனுப்பும்போது சராசரியாகப் பத்து ஆம்பியரும் எடுக்கிறது, ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசுகிறோம் என்று கொண்டால் மணிக்கு 2.8 ஆம்பியர்-ஹவர். யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்த 7 ஆம்பியர்-ஹவர் ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் கெடுதலின்றிப் பயன்படுத்த முடியும். ஒரு மணி நேரத்திலேயே அது தளர்ந்துவிடும். 20 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், கடைசிவரை வோல்ட்டேஜும் அவ்வளவாக இறங்காது. 20 வாட்டுக்குக் குறைத்துப் பேசினால் இரண்டுமே நீளும். கேட்பவருக்கு அது சிக்னல் வலிமையைக் காட்டும் மீட்டரில் ஓர் எஸ் புள்ளிக்குச் சற்று மேல் குறைவு, அவ்வளவே. உரிமத்தின் நகலையும் அதே பெட்டியில் வையுங்கள். கையில் செட்டோடு ஏரிக்கரையில் நிற்பவரைக் காவலர் விசாரிப்பது இயல்பு, அவரிடம் வானலை இயற்பியலை விளக்கத் தொடங்குவது வீண் வேலை.

நண்பரின் காரில் 6 ஸ்கொயர் செம்பு வயரை ஒரே துண்டாக இழுத்து, அதன் நுனிகளில் லக்குகளை (உலோக முனைகளை) அழுத்திக் கிரிம்ப் செய்து, பேட்டரி அருகில் ஃபியூஸ் வைத்தோம். அனுப்பும்போது என்ஜின் நின்ற நிலையில் 11.8, ஓடும் நிலையில் 13.5. இவ்விரண்டு எண்களையும் தேதியோடு ஒரு டேப்பில் எழுதிச் செட்டின் அடியில் ஒட்டச் சொன்னேன். அடுத்த புரட்டாசியில் மீண்டும் அளக்கும்போது, பேட்டரி முனையில் அதே அளவு இருந்தும் செட்டில் 0.2 வோல்ட் குறைந்திருந்தால், எங்கோ ஒரு லக்கில் பச்சை பூத்திருக்கிறது என்று பொருள். கடற்கரை ஊரில் அதற்கு ஓராண்டே போதும்.