நாலாவது எண்ணில் பாதம் என்ன செய்கிறது?

யூடியூப் பார்த்து வீட்டிலேயே கியூபா பாணி சல்சா பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள். அப்புறம் நேராக ஐந்து, ஆறு, ஏழு. நான்கையும் எட்டையும் ஏன் விட்டுவிடுகிறார்கள்? அந்த நேரத்தில் காலை என்ன செய்வது?" அருமையான கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டு போனால் இசை, இயற்பியல், நரம்பியல் மூன்றையும் தொட்டாக வேண்டும்.

கியூபாவில் இந்த ஆட்டத்தை காசினோ என்பார்கள். 1950-களில் ஹவானாவின் நடனக் கூடங்களில் உருவானது. கிழக்குக் கியூபாவில் பிறந்த சோன் என்ற இசையும் ஆட்டமும்தான் இதற்குத் தாய். நியூயார்க் பாணியில் ஜோடி ஒரே கோட்டில் போய் வரும். காசினோவில் ஒருவரையொருவர் சுற்றி வட்டமாக நகரும். அடிகள் சின்னவை, முழங்கால்கள் எப்போதும் தளர்வாக இருக்கும். இசை நான்கு தட்டு கொண்ட சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தட்டில் மட்டுமே கால் மாற்றுகிறோம். இரண்டு சுற்றைச் சேர்த்து எட்டு வரை எண்ணுவதால், நான்கும் எட்டும் அந்தந்தச் சுற்றின் கடைசித் தட்டு.

மூன்று ஒற்றைப்படை எண் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இடது, வலது, இடது என்று முடித்தால் அடுத்த சுற்றை வலதில்தான் தொடங்க முடியும். இடது கால் மறுபடி முதலில் வருவதற்கு எட்டுத் தட்டு ஆகிவிடும். சல்சா இசையைத் தாங்கி நிற்கும் கிளாவே, அதாவது இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து அடிகள், சுற்றி வருவதும் அதே எட்டுத் தட்டில்தான்: ஒரு பாதியில் மூன்று அடி, மறுபாதியில் இரண்டு. நான்கு தட்டிலும் கால் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கால்தான் முதலில் வரும். கிளாவேயின் எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பது காலுக்குத் தெரியாது. ஒரு தட்டை விட்டுவிட்டால் வாயால் எண்ணாமலே பாதம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

அந்த விட்ட தட்டில் இசை என்ன செய்கிறது என்று கேளுங்கள். கொங்கா என்ற உயரமான மேளத்தை வாசிப்பவர் சுற்று முழுக்கத் தோலைத் தொட்டுக்கொண்டே இருப்பார்; இரண்டாவது தட்டில் சுள்ளென்று ஓர் அறை. நான்கிலும், நான்குக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும், திறந்த கையால் 'தும் தும்' என்று இரண்டு அடி. தாழ்ந்த ஸ்வரங்களை மீட்டும் பேஸ் வாத்தியமும் வழக்கமாக நான்கில் ஒலிக்கிறது. வரப்போகும் சுற்றின் ஸ்வரத்தை ஒரு தட்டு முன்னதாகவே எடுத்துவிட்டு, ஒன்றாம் தட்டில் புதிதாக எதையும் மீட்டாமல் விட்டுவிடும். ஆக, கால் சும்மா இருப்பதாகத் தோன்றும் இடத்தில்தான் வாத்தியங்கள் அழுத்திப் பேசுகின்றன. புதிதாகக் கற்பவர்களை அது அங்கே கால் வைக்கச் சொல்லி இழுக்கும்.

கால் மட்டும் நிஜமாகவே சும்மா இருக்கிறதா என்ன? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். வலது தோளையும் வலது பாதத்தின் வெளிவிளிம்பையும் சுவரோடு நன்றாக ஒட்டி நில்லுங்கள். இப்போது இடது காலை மெல்லத் தூக்கி அப்படியே நிற்கப் பாருங்கள். முடியாது. தசையில் பலம் இல்லாமல் இல்லை. இடது காலைத் தூக்க வேண்டுமானால் உடலின் ஈர்ப்பு மையம் முதலில் வலது பாதத்துக்கு மேலே வந்தாக வேண்டும். சுவர் அதற்கு விடுவதில்லை.

சுவர் இல்லாதபோது ஈர்ப்பு மையத்தை நகர்த்துவது யார்? தூக்கப்போகும் அதே கால்தான். இடது காலைத் தூக்க நினைத்தவுடன், தூக்குவதற்குச் சற்று முன், அந்தக் கால் தரையை முன்னைவிட அதிகமாக அழுத்துகிறது. கழியால் கரையைத் தள்ளினால் படகு எதிர்ப்பக்கம் போவதுபோல, அந்த அழுத்தம் உடலை வலது பக்கம் அனுப்புகிறது. அதன் பிறகுதான் இடது பாதம் லேசாகி மேலே எழும்புகிறது. பாதம் தரும் விசையைப் பதிவுசெய்யும் பலகையில் ஒருவரை நிறுத்திக் காலைத் தூக்கச் சொன்னால், கருவியின் கோடு முதலில் தூக்கும் கால் பக்கம் சாய்ந்துவிட்டுத்தான் மறுபக்கம் திரும்பும். நமக்கு இது தெரிவதே இல்லை. நாம் நினைத்தது காலைத் தூக்க. மூளை அனுப்பிய முதல் உத்தரவோ அழுத்து என்பது.

இதை ஆட்டத்தில் பொருத்திப் பாருங்கள். மூன்றில் இடது பாதம் இறங்குகிறது. ஐந்தில் வலது இறங்க வேண்டும். இடையில் உள்ள நான்கில் வலது பாதம் தரையைத் தள்ளி முடித்து எழும்புகிறது, எடை முழுவதும் இடது பக்கம் சேர்கிறது, மடங்கியிருந்த இடது முழங்கால் நிமிர்கிறது. ஒரு முழங்கால் நிமிர்ந்து மற்றது மடங்கியிருந்தால், நிமிர்ந்த பக்கத்து இடுப்பு தானாக உயரும். கியூபா ஆட்டக்காரர்களின் அந்த இடுப்பசைவு பெரும்பாலும் முழங்காலிலிருந்து வருவது. இடுப்பை மட்டும் தனியாக ஆட்டிப் பழகுபவர்களுக்கு அது ஒட்டாமல் தெரிவதற்குக் காரணமும் இதுதான்.

நேரக் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 0.33 வினாடி. காதில் சத்தம் விழுந்து விரலை அசைக்கவே சுமார் 0.15 வினாடி ஆகும். முழு உடல் எடையை மாற்றி அடி வைக்க அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். தட்டு கேட்டபிறகு கால் வைப்போம் என்று காத்திருந்தால் ஒவ்வொரு அடியும் பிந்தும். அதனால் மூளை காத்திருப்பதில்லை, கணிக்கிறது. சீராக ஒலியெழுப்பும் மெட்ரோனோம் கருவிக்கு விரல் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் ஒலிக்குச் சில பத்து மில்லிவினாடிகள் முன்பே தட்டிவிடுகிறார்கள். காலால் தட்டச் சொன்னால் இன்னும் முந்துகிறார்கள். தொடு உணர்வு கையிலிருந்து மூளைக்குப் போக சுமார் 20 மில்லிவினாடி, பாதத்திலிருந்து சுமார் 40. அந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான் பாதம் முந்திக்கொள்கிறது என்பது முக்கியமான விளக்கங்களில் ஒன்று. பல ஜோடிகள் வட்டமாக நின்று ஆடும் ருவேதாவில் அழைப்பவர் அடுத்த அசைவின் பெயரை ஒன்றாம் தட்டுக்கு முன்பே கத்திவிடுவதும் இதனால்தான். ஒன்றில் கத்தினால் யாருக்கும் நேரம் போதாது.

"லத்தீன் ரத்தம் இருந்தால்தான் சல்சா வரும்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் தாளம் இருக்கிறது என்பது வெறும் மூடநம்பிக்கை. பிறந்து சில நாட்களே ஆன, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்குத் தாள ஒலியைக் கேட்கவைத்து, முதல் தட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. எதிர்பார்த்தது வரவில்லை என்று அவர்களின் மூளை அலைகள் காட்டின. அந்த ஆய்வு நடந்தது ஹங்கேரியில்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நடனத்தை ஆராயப் பணம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் பார்கின்சன் நோயாளிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நடக்கும்போது திடீரென்று கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் பலர் நின்றுவிடுகிறார்கள். அடி வைப்பதற்கு முன் வரவேண்டிய அந்த அழுத்தம் அவர்களுக்குப் பலவீனமாகிவிடுகிறது. சீரான தாள ஒலியைக் கேட்கவிட்டால் பலருக்கு நடை மேம்படுகிறது. பாதமும் தாளமும் எங்கே சந்திக்கின்றன என்ற ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கடைசியாக, பழகுபவர்களுக்கு ஒன்று. சோன் ஆடும் கியூபாக்காரர்கள் பலர் கொந்த்ராதியெம்போ முறையில் ஆடுகிறார்கள். இரண்டு, மூன்று, நான்கில் அடி, ஒன்றில் இடைவெளி. பேஸ் புதிதாக எதையும் மீட்டாத தட்டில் பாதமும் இறங்காது. பேஸும் கொங்காவும் அழுத்தும் நான்கில் பாதமும் அழுத்தும். காசினோ அடி ஓரளவு கைவந்தபின் இதை முயலுங்கள். முதலில் ஆடாமல் நின்றபடி கொங்காவின் அந்த இரட்டைத் 'தும் தும்'மை மட்டும் காதில் பிடியுங்கள். முதல் 'தும்'மில் ஒரு காலில் எடையை இறக்குங்கள். அடுத்த ஒன்றாம் தட்டைச் சும்மா போக விடுங்கள். முழங்கால் நிமிர அந்த நேரம் போதும். மற்றக் கால் இரண்டில் இறங்கட்டும்.