புது பேட்டரி வாங்கும் முன்: பழைய காரில் சார்ஜ் ஏறாத கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் ‘டக் டக்’ என்று மட்டும் அடிக்கிறது. தள்ளி ஸ்டார்ட் செய்து நேராக பேட்டரி கடைக்குப் போகிறார்கள். புது பேட்டரி போட்டுப் பத்து நாள் ஆனதும் மறுபடி அதே ‘டக் டக்’. மாருதி 800, ஆம்னி, ஜென், அம்பாசடர் என்று பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கோளாறு பேட்டரியிலா, எஞ்சின் ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரிலா, நடுவில் இருக்கும் ஒயரிலா என்று பார்க்காமல் செலவு செய்வதுதான் காரணம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் பேட்டரி. வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே கணக்கு. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது உள்ளே ஒரு செல் போயிருக்கிறது. பாதிக்குக் கீழே இருக்கும் பேட்டரியை வெளி சார்ஜரில் ஏற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி என்றால் 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். காலி பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்நேட்டரைச் சோதித்தால் எந்த அளவையும் நம்ப முடியாது.

அடுத்தது ஆல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 6 முதல் 10 மில்லிமீட்டர் உள்ளே போகலாம். பக்கவாட்டு கண்ணாடிபோலப் பளபளத்தால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், மாற்றிவிடுங்கள். சத்தம் வருகிறதென்று அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்நேட்டர் பேரிங் போகும். பல பழைய எஞ்சின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, அதன் பேரிங்கும் சேர்ந்து போகும்.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கை வெறும் எச்சரிக்கை விளக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல பழைய ஆல்டர்நேட்டர்களில் அந்த பல்ப் வழியாக வரும் சிறு கரண்ட்தான் உள்ளே சுழலும் ரோட்டரில் முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. பல்ப் ஃப்யூஸ் போனால் ஐட்லிங்கில் சார்ஜே இருக்காது. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் சில சமயம் விழித்துக்கொள்ளும். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அழகுக்காக எல்இடி போட்ட வண்டிகளிலும் இதே தொல்லை வரும், எல்இடி வழியாகப் போகும் கரண்ட் போதாது.

சாவி ஆனில் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி ஆனில் எரியவே இல்லையென்றால், ஆல்டர்நேட்டரிலிருந்து அந்த விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றி எஞ்சின் பாடியில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் சரி, கோளாறு உள்ளே பிரஷ் (ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு), ரோட்டர் அல்லது ரெகுலேட்டரில் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பகுதி). எரியாவிட்டால் பல்ப், ஃப்யூஸ், ஒயர் என்று தேடுங்கள். இரண்டு ஊசி பிளக் இருக்கும் வண்டியில் இன்னொரு ஒயர் இக்னிஷன் சப்ளையாக இருக்கலாம், அதை எர்த்தில் தொட்டால் ஃப்யூஸ் போய்விடும். வேகம் கூடும்போது விளக்கு மங்கலாக எரிகிறதா? கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடைச் சந்தேகப்படுங்கள்.

இனி எஞ்சின் ஓடும்போது. 1500 ஆர்பிஎம் அளவில், விளக்கு எதுவும் போடாமல், பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், புளோவர், வைப்பர் எல்லாம் போட்டு 2000-க்கு ஏற்றினால் 13.2-க்குக் குறையக்கூடாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி தண்ணீர் அடிக்கடி குறையும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும்.

அளவு குறைவாக இருந்தால் உடனே ஆல்டர்நேட்டரைக் கழற்றாதீர்கள். பழைய வண்டிகளில் அதிகம் தவறவிடப்படும் இடம் ஒயர்தான். எல்லா லோடும் போட்டு எஞ்சின் ஓடும்போதே, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டிலும், மறு முனையை பேட்டரி பிளஸ்ஸின் ஈயக் கம்பத்திலும் வையுங்கள். கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்பின் கோளாறு தெரியாது. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. அதேபோல் ஆல்டர்நேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் நடுவே 0.2-க்குள் இருக்க வேண்டும். ஆல்டர்நேட்டர் 14.2 கொடுத்தும் வழியில் 0.7 தொலைந்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.5 மட்டும். அது ஒருநாளும் சரியாக நிரம்பாது.

லக் (ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பச்சை பூத்திருக்கும். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் இன்சுலேஷனை அரை அங்குலம் சீவினால் செம்பு கறுத்துக் கிடக்கும். அதை வெட்டிவிட்டுப் புது லக் அடியுங்கள். முழு ஒயரும் போனால் 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடலாம். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து மாட்டுங்கள். அந்தப் பட்டை அறுந்த வண்டிகளில் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகத் திரும்புவதுண்டு. கேபிள் சூடாகி இறுகினால் எர்த்தைப் பாருங்கள்.

பகலில் சார்ஜ் சரி, காலையில் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் கசிவு. மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் இடையில் கோத்துப் பாருங்கள். கதவு, டிக்கி விளக்குகள் அணைந்திருக்க வேண்டும். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. 300 காட்டினால் ஒரு நாளைக்கு 7.2 ஏஎச் காலி, 35 ஏஎச் பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடும். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவியும் குறையவில்லையா? மைனஸ்ஸை முழுதாக எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் தடித்த ஒயரைக் கழற்றி, நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி வைத்து மறுபடி அளக்கலாம். இப்போது குறைந்தால் டையோடு கசிகிறது. மீட்டர் கோத்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போகும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கிளாம்ப்பைப் பிடுங்கி, “வண்டி நிக்கலை, டைனமோ நல்லா இருக்கு” என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ஆல்டர்நேட்டர் வருவதற்கு முன், டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்நேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால், தாங்க பேட்டரி இல்லாமல் வோல்டேஜ் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். ரெகுலேட்டர், டையோடு, ஸ்டீரியோ போகும். எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியானால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்கும் ஆபத்து. ஐந்து நிமிஷ சோதனைக்கு அந்த விலை வேண்டாம்.

ஹெட்லைட்டில் 60/55 வாட்டுக்குப் பதில் 100/90 போட்டவர்கள் கணக்கைப் பாருங்கள். ஹை பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுத்தது 17-ஐ நெருங்குகிறது. ஐட்லிங்கில் ஆல்டர்நேட்டர் முழுத் திறனைக் கொடுக்காது. இரவில் ஏசியும் போட்டு டிராஃபிக்கில் நின்றால் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும்.

கோளாறு ஆல்டர்நேட்டரில்தான் என்று உறுதியானாலும் முழு யூனிட் அவசியமில்லை. பெரும்பாலும் தேய்ந்திருப்பது கார்பன் பிரஷ். பல மாடல்களில் அது ரெகுலேட்டரோடு சேர்ந்தே வரும். பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்கில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் புது பிரஷ்ஷும் சீக்கிரம் தேயும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றும் முன் பேட்டரி மைனஸ்ஸை எடுப்பது கட்டாயம்: அந்தத் தடித்த ஒயரில் சாவி ஆஃப் ஆனாலும் கரண்ட் உண்டு, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.