கையெழுத்துப் போட மறுத்த டப்ளின்

வேலையிழந்து வழக்கறிஞரைத் தேடி வரும் தொழிலாளியின் காகிதக் கட்டில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் அது. அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன் என்பார். சிலர் வெற்றுத்தாளிலேயே போட்டிருப்பார்கள். சங்கத்தில் சேர்ந்த மறுமாதம் அது ராஜினாமாக் கடிதமாக நிர்வாகத்தின் கோப்பிலிருந்து வெளியே வரும். தொழிலாளர் வழக்குகளையே நடத்திவரும் எனக்கு இது பழகிப்போன கதை. இப்படி வருபவர்களிடம் அயர்லாந்தின் தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கினைப் பற்றி நான் சொல்வதுண்டு.

லார்கின் 1874-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஏழை ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தார். சிறுவயதிலேயே வேலைக்குப் போய், துறைமுகத்தில் மேஸ்திரியாக உயர்ந்தார். 1905-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். மேஸ்திரி வேலை போயிற்று. துறைமுகத் தொழிலாளர் சங்கம் அவரை அமைப்பாளராக்கிக்கொண்டது. 1907-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு அனுப்பப்பட்டார். மதத்தால் பிளவுண்ட அந்த ஊரில் கத்தோலிக்கர்களையும் புராட்டஸ்டண்டுகளையும் ஒரே வேலைநிறுத்தத்தில் நிற்க வைத்தார். போலீசாரில் ஒரு பகுதியினரே அப்போது கலகம் செய்தார்கள். ஆனால் சங்கத்தின் லிவர்பூல் தலைமைக்கு அவருடைய வேகம் பிடிக்கவில்லை. அவரை இடைநீக்கம் செய்தது. அவர் 1909-இன் தொடக்கத்தில் ஐரிஷ் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார். தொழில் தேர்ச்சி பெற்றவர்களின் சங்கங்கள் ஏறெடுத்தும் பார்க்காத மூட்டை தூக்குபவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் அதில் சேர்ந்தார்கள்.

அயர்லாந்தின் தலைநகரான அன்றைய டப்ளினில் 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒற்றை அறைகளில் வாழ்ந்தன. அதே ஊரில் டிராம் நிறுவனத்தின் தலைவராக இருந்த வில்லியம் மார்ட்டின் மர்ஃபிக்கு நாளிதழும் ஹோட்டலும் சொந்தமாக இருந்தன. லார்கினின் சங்கத்தில் இருப்பவர்களை அவர் வேலையிலிருந்து நீக்கத் தொடங்கினார். 1913 ஆகஸ்ட் 26 அன்று, குதிரைக் கண்காட்சிக்காக ஊர் நிறைந்திருந்த வாரத்தில், டிராம் தொழிலாளர்கள் வண்டிகளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார்கள். 31-ஆம் தேதி, கூட்டத்துக்கு விதிக்கப்பட்ட தடையை மீறிப் பேச வருவதாகச் சொல்லியிருந்த லார்கின், ஒட்டுத்தாடியுடன் மர்ஃபியின் ஹோட்டலிலேயே தோன்றினார். அதையடுத்துப் போலீஸ் தெருவில் தடியடி நடத்தியது.

செப்டம்பர் தொடக்கத்தில் சுமார் 400 முதலாளிகள் கூடி முடிவெடுத்தார்கள். அதன்பின் தொழிலாளர்கள் முன் ஒரு தாள் நீட்டப்பட்டது. நிர்வாகத்தின் எல்லாக் கட்டளைகளுக்கும் கட்டுப்படுகிறேன், லார்கினின் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் உடனே விலகுகிறேன், இனி அதில் சேரவும் மாட்டேன், எவ்வகையிலும் ஆதரிக்கவும் மாட்டேன் என்பது அதன் சாரம். அந்தக் கடைசிப் பகுதியைச் சட்டம் படித்தவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் பட்டினிக்கு ஒரு ரொட்டி கொடுத்தால்கூட அது ஆதரவு என்று வாதிடலாம். அந்தச் சங்கத்தோடு தொடர்பே இல்லாதவர்களிடமும், வேறு சங்கங்களின் உறுப்பினர்களிடமும் அது நீட்டப்பட்டது. அவர்களில் பலர் லார்கினுக்காக அல்லாமல் அந்தத் தாளுக்காகவே மறுத்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் ஆலைக் கதவுகளுக்கு வெளியே நின்றார்கள்.

அப்போது அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆஸ்க்வித் விசாரணைக் குழு இரு தரப்பையும் கேட்டது. ஓரிடத்துத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக வேறிடத்துத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தும் லார்கினின் அனுதாப வேலைநிறுத்த முறையை அது ஏற்கவில்லை. ஆனால் அந்த உறுதிமொழி தனிமனிதச் சுதந்திரத்துக்கு முரணானது என்றும், எந்தத் தொழிலாளியும் அதை ஏற்பார் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. முதலாளிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் கப்பலில் உணவு அனுப்பின. உடன் வேலைநிறுத்தம் செய்ய மட்டும் மறுத்துவிட்டன. 1914-இன் தொடக்கத்தில் பசி வென்றது. சிலர் கையெழுத்துப் போட்டுத் திரும்பினார்கள். சில முதலாளிகள் தாளைப் பற்றிப் பேசாமலேயே சேர்த்துக்கொண்டார்கள். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 1949-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 98-ஆம் உடன்படிக்கை, சங்கத்தில் சேரக்கூடாது அல்லது விலக வேண்டும் என்ற நிபந்தனையுடன் வேலை கொடுப்பதற்கு எதிராகப் பாதுகாப்பு வேண்டும் என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை என்றாலும், சங்கத்தில் சேர்ந்தால் நீக்குவோம் என்ற மிரட்டலைத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்றது. 2020-இன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் அதை இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது.

லார்கினைத் தெய்வமாக்கிப் பேசும் கூட்டங்களில் சொல்லாமல் விடும் பக்கம் ஒன்று உண்டு. பேச்சில் சிங்கமான அவர், கணக்கு வழக்கில் கவனமில்லாதவர். 1910-இல் சங்கப் பணத்தைக் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டு, சில மாதங்களில் விடுதலையானார். தன் பைக்குள் போட்டுக்கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் நம்பவில்லை, ரசீதுகள்தான் சரியாக இல்லை. 1914-இல் அமெரிக்கா சென்று, அங்கே 1920-இல் அரசுக்கு எதிரான பிரச்சாரத்துக்காகச் சிறை சென்று, 1923-இல் திரும்பியபோது சங்கம் வேறு கைகளில் இருந்தது. அடுத்த ஆண்டு அவரையே வெளியேற்றியது. 1927-இல் மக்கள் அவரை ஐரிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தும், அவதூறு வழக்கில் கட்ட வேண்டிய தொகையைக் கட்டாததால் திவாலானவராக இருந்த அவரால் அந்த இடத்தில் அமர முடியவில்லை. சந்தா ரசீதுப் புத்தகமும் தீர்மானப் பதிவேடும் இல்லாமல் என்னிடம் வரும் சங்க நிர்வாகிகளுக்கு இந்தப் பகுதியை நான் விரிவாகவே சொல்வேன். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதே, இனி என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று. என்ன நிர்ப்பந்தத்தில் போட்டீர்கள் என்பதையும், நகல் வேண்டும் என்பதையும் அன்றே ஒரு கடிதத்தில் எழுதி நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒரு நகலைத் தொழிலாளர் துறை அலுவலருக்கும் அனுப்பலாம். மூன்று மாதம் கழித்து எழுதும் ஆட்சேபத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் யோசித்து எழுதிய கதை என்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். தபால் ரசீதைக் கடிதத்தின் நகலோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வீட்டில் வையுங்கள். ஆலை லாக்கரில் வைக்க வேண்டாம். தகராறு வந்தால் முதலில் பூட்டப்படுவது அதுதான்.