புரட்சி: ஜெபர்சன் சொன்னதும் நாம் சொல்வதும்

'ரெவல்யூஷன்' என்றதும் துப்பாக்கியும் இரத்தமும் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் அந்தச் சொல்லின் வேரில் இரண்டுமே இல்லை. இலத்தீனில் 'ரெவொல்வெரே' என்றால் திரும்ப உருளுதல். கோள்கள் வட்டத்தைச் சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வருவதை வானியலார் இவ்வேரில் பிறந்த சொல்லால் குறித்தனர். 1543-இல் வெளிவந்த கோப்பர்னிக்கசின் நூல் தலைப்பிலும் அது அப்பொருளில்தான் நிற்கிறது. 1688-இல் இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் அரியணை இழந்ததை அப்பெயரால் அழைத்தவர்களுள் பலர், பழைய உரிமைகள் மீண்டும் தம் இடத்துக்கு வந்துவிட்டன என்றே கருதினர். முன்பு இல்லாத ஒன்றைத் தொடங்குதல் என்னும் பொருள் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்தவற்றுக்குப் பிறகே வலுப்பெற்றது.

இச்சொல்லுக்குத் தமிழில் நாம் சொல்வது 'புரட்சி'. வறள் வறட்சி ஆவதுபோல, திரள் திரட்சி ஆவதுபோல, புரள் புரட்சி ஆகிறது. உருளுதல், கீழது மேலாதல் ஆகிய இரண்டும் புரளுதலுக்குள் அடங்கும். 1917-இல் ஜார் ஆட்சி விழுந்ததைப் பாடிய பாரதியார் 'யுகப்புரட்சி' என்றது இப்பொருளில்தான். புரட்டு என்ற சொல் ஏமாற்றையும் குறிக்கும் என்பது உண்மையே. ஆயினும் புரட்சியின்மேல் அந்த நிழல் விழவில்லை. ஏர் ஓட்டிய வயலில் ஈரமான அடிமண் மேலே வந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரைவை எழுதிய தாமஸ் ஜெபர்சனே, கலப்பையில் மண்ணைத் தூக்கிப் புரட்டிப்போடும் வளைந்த பலகை ஒன்றை, இழுவைப் பாரம் குறையும்படி கணக்கிட்டு வடிவமைத்தவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1776-ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் 'ரெவல்யூஷன்' என்ற சொல்லே கிடையாது. மக்களின் உரிமைகளை அழிக்கும் அரசை மாற்றவோ நீக்கவோ, புதியதொன்றை நிறுவவோ மக்களுக்கு உரிமை உண்டு என்று மட்டுமே அது சொல்கிறது. மாசசூசெட்சில் கடனாலும் வரியாலும் நொடித்த உழவர்கள் ஆயுதம் ஏந்தியபோது பாரிசில் இருந்த ஜெபர்சன், 1787 ஜனவரியில் தம் அரசியல் நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு எழுதிய மடலில், அவ்வப்போது சிறிது கலகம் எழுவது நல்லதே என்றும், இயற்கைக்குப் புயல் தேவைப்படுவதுபோல அரசியலுக்கு அது தேவை என்றும் குறிப்பிட்டார். அங்கே அவர் கையாண்ட சொல் 'ரெபெல்லியன்'. அதன் இலத்தீன் வேர் மறுபடியும் போர் தொடுத்தலைக் குறிக்கும். தேசபக்தர்களின் இரத்தத்தாலும் கொடுங்கோலர்களின் இரத்தத்தாலும் சுதந்திர மரம் புத்துயிர் பெறவேண்டும் என்ற அவருடைய பெயர்பெற்ற வரியும் அதே ஆண்டு நவம்பரில் அதே கலகத்தைக் குறித்து எழுதப்பட்டதே. இவ்விடங்களில் 'புரட்சி' என்று மொழிபெயர்ப்பது பிழை. கலகம் என்பதே பொருந்தும்.

'ரெவல்யூஷன்' என்பதை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதை 1819-இல் வர்ஜீனியா நீதிபதி ஸ்பென்சர் ரோனுக்கு எழுதிய மடல் காட்டுகிறது. தம்மைக் குடியரசுத் தலைவராக்கிய 1800-ஆம் ஆண்டுத் தேர்தலை அம்மடலில் அவர் அச்சொல்லால் குறித்து, 1776 அரசின் வடிவத்தை மாற்றியதைப் போலவே இது அதன் கொள்கைகளை மாற்றியது, வாளால் அன்று, மக்களின் வாக்கால் என்கிறார். அந்த வாக்கு அன்று பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்களிடமே இருந்தது. ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களுடைய நிலை 1776-இலும் புரளவில்லை, 1800-இலும் புரளவில்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஆயினும் வாளின்றி நடந்த ஒரு மாற்றத்துக்கு அவர் இட்ட பெயருக்குத் தமிழில் புரட்சியைவிடச் சரியான சொல் இல்லை. கிளர்ச்சி, எழுச்சி என்பவை தொடக்கத்தை மட்டுமே சொல்லும், புரட்சியோ மண் புரண்டு முடிந்ததையும் சேர்த்துச் சொல்லும்.