கருக்கலைப்பு மாத்திரை: டாக்டர் கேட்க வேண்டியதும் கேட்கத் தேவையில்லாததும்

மெடிக்கல் ஷாப்பில் ‘கிட்’ என்று கேட்டால் சீட்டில்லாமலே எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. கொடுக்கக் கூடாது. மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் சேர்ந்த அந்த அட்டை, டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. பலர் கடைக்குப் போவதற்குக் காரணம் டாக்டரிடம் இருக்கிற பயம்தான். “கல்யாணம் ஆச்சா? வீட்டுக்காரர் வந்திருக்காரா?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் டாக்டர் கட்டாயம் கேட்க வேண்டிய வேறு கேள்விகள் உண்டு. அவற்றைக் கடைக்காரர் கேட்கவே மாட்டார்.

முதலில் சட்டம். இந்தியாவில் 1971-இலேயே கருக்கலைப்புச் சட்டம் வந்துவிட்டது. 2021-இல் அதைத் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். மாத்திரையால் கலைப்பது 9 வாரம் வரைதான். பழைய விதியில் இது 7 வாரமாக இருந்தது. 18 வயது நிறைந்த பெண்ணென்றால் ‘படிவம் சி’ என்ற சம்மதப் படிவத்தில் அவர் கையெழுத்து மட்டும் போதும். கணவர் கையெழுத்து, அம்மா அப்பா கையெழுத்து என்று யார் கேட்டாலும் அது அந்த ஆஸ்பத்திரியின் சொந்தப் பழக்கம், சட்டமல்ல. கருத்தடை முறை தோற்றுப்போனது என்ற காரணத்தை, திருத்தத்துக்குப் பிறகு கல்யாணமாகாதவரும் சொல்லலாம். கலைத்தவரின் பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும், போக்சோ சட்டப்படி போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயர், அடையாளம் எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, கேட்க வேண்டியவை. முதல் கேள்வி நாள் கணக்கு. இதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள், இல்லையென்றால் நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். கணக்கு தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளில். மார்ச் 1 அன்று தீட்டு வந்தது என்று வையுங்கள். 9 வாரம், அதாவது 63 நாள், மே 3-ஆம் தேதி முடிகிறது. ஏப்ரல் கடைசியில் வந்து “நாள் தள்ளி ஒரு மாசம்தான் ஆச்சு” என்று சொல்பவருக்கு உண்மையில் 8 வாரம் தாண்டியிருக்கும். தேதி சரியாக நினைவில்லை என்றாலோ, மாதவிடாய் ஒழுங்காக வராதவர் என்றாலோ ஸ்கேன் எடுப்பதுதான் நல்லது.

இரண்டாவது, கரு எங்கே இருக்கிறது என்பது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை இந்த மாத்திரை கலைக்காது. மாத்திரை போட்டதும் லேசாக ரத்தம் பட்டால் ‘கலைஞ்சிடுச்சு’ என்று நினைத்திருப்பார்கள். உள்ளே குழாய் வெடித்து ரத்தம் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. முன்பு ஒரு தடவை குழாயில் கரு தங்கியவர், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகும் கர்ப்பமானவர், அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் வலி இருப்பவர் இதை முதலிலேயே சொல்ல வேண்டும். காப்பர்-டி உள்ளே இருந்தால் அதை எடுத்த பிறகே மாத்திரை.

மூன்றாவது ரத்தம். நம் ஊரில் ரத்தசோகை இல்லாத பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த மாத்திரை வழக்கமான தீட்டைவிட அதிகமாகவே ரத்தப்போக்கை உண்டாக்கும். அதனால் ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரை வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே வேறு முறையில் செய்யலாம் என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களும், ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதில் அடக்கம். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்துக்குப் பாதிப்பு வராமல் இருக்கப் போடும் ஆன்டி-டி ஊசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. மிஃபெப்ரிஸ்டோன் அதன் வேலையைத் தடுக்கும். அட்ரினல் சுரப்பிக் கோளாறு, பார்ஃபைரியா என்ற அரிய பரம்பரை நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, கடுமையான கல்லீரல் நோய், இந்த மருந்துகளுக்கு முன்பே அலர்ஜி என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சிசேரியன் ஆனவர்கள் பயப்பட வேண்டாம். அதுவே தடையில்லை, ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி, வீடு எங்கே? ராத்திரி ரத்தம் அதிகமானால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி உண்டா, கூட ஆள் உண்டா? வேவு பார்ப்பதற்காக இதைக் கேட்பதில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். இரண்டாவது மருந்தான மிசோப்ரோஸ்டால் போட்ட அன்று லேசாகக் குளிரும், காய்ச்சல் வரும். ஒரு நாள் கழிந்தும் காய்ச்சல் இருந்தால் போய்க் காட்ட வேண்டும். அங்கே என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.

100 பேரில் சிலருக்கு மாத்திரை முழுதாக வேலை செய்யாது. அதற்குத்தான் 15-ஆம் நாள் திரும்ப வரச் சொல்கிறார்கள். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்ப்பது அப்போது உதவாது, கலைந்த பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும். கர்ப்பம் தொடர்ந்தால் மிசோப்ரோஸ்டாலால் குழந்தைக்கு ஊனம் வரக்கூடும் என்பதால், உறிஞ்சி எடுக்கும் முறையில் முடிக்கச் சொல்வார்கள். அடுத்த கரு தங்க அடுத்த தீட்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை, பத்து நாளிலேயே முட்டை வெளியாகலாம். அதனால் கருத்தடை பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். காப்பர்-டி, அந்தரா ஊசி, மாத்திரை எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.